சிலிக்கான் ஆனோடு: பத்து மடங்கு கொள்ளளவும் நிலைக்காத மேற்பரப்பும்

லித்தியம் அயனி பேட்டரி பற்றிய செய்திகளில் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும்: சிலிக்கான், கிராஃபைட்டைவிடப் பத்து மடங்கு லித்தியத்தைத் தாங்கும். வரி சரிதான். ஆனால் இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. லித்தியமும் சிலிக்கானும் கலப்பது 1970-களிலேயே ஆராயப்பட்டது. அப்படியிருந்தும் இன்று ஃபோனிலும் காரிலும் இருக்கும் பேட்டரிகளின் ஆனோடு பெரும்பாலும் கிராஃபைட்தான். சிலிக்கான் இருந்தாலும் அதில் சிறு பங்காகக் கலந்திருக்கும், அவ்வளவுதான். இத்தனை ஆண்டுகளாக ஏன் இப்படி? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் உடைகிறது என்பதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அதைவிடப் பெரிய தொல்லை, அதன் மேற்பரப்பு ஒரு நிலையில் நிற்காமல் இருப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், இதுவரை நடந்த ஒவ்வொரு முயற்சியும் எதற்காக என்பது தானாகப் புரியும்.

ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். மின்னாற்பகுப்புப் பாடத்தில் ஆனோடு என்றால் நேர்மின்வாய் என்று படித்திருப்போம். பேட்டரித் துறையில் ஆனோடு என்பது மைனஸ் பக்கம். பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது எலக்ட்ரான்கள் அங்கிருந்து வெளியேறுவதால் அந்தப் பெயர். சார்ஜ் ஏறும்போது வினை தலைகீழாக நடந்தாலும் பெயரை மாற்றுவதில்லை. அதனால் இங்கே மைனஸ் பக்கத்தை ஆனோடு, பிளஸ் பக்கத்தைக் கேத்தோடு என்றே எழுதுகிறேன்.

சோனி நிறுவனம் 1991-ல் முதல் லித்தியம் அயனி பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அதன் ஆனோடு ஒருவகைக் கார்பன். பிறகு அந்த இடத்தைக் கிராஃபைட் பிடித்துக்கொண்டது, இன்னும் விடவில்லை. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அந்தத் தாள்களுக்கு நடுவே நுழைந்து உட்கார்ந்துகொள்ளும், மின்சாரம் எடுக்கும்போது வெளியே வந்துவிடும். தாள்கள் கொஞ்சம் விலகுகின்றன, மொத்தக் கனஅளவு சுமார் 10 சதவீதம் கூடுகிறது, மற்றபடி கட்டமைப்பு அப்படியே இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை இப்படிப் போய்வரலாம். ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம் என்பது இங்கே உச்ச கணக்கு. ஒரு கிராமுக்கு 372 மில்லிஆம்பியர்-மணி.

சிலிக்கானில் லித்தியத்துக்கென்று தயாராக இடம் எதுவும் இல்லை. சிலிக்கான் அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகளை அறுத்துக்கொண்டுதான் அது உள்ளே போகிறது. போய், கலப்பு உலோகமாகிறது. அறை வெப்பநிலையில் நான்கு சிலிக்கான் அணுவுக்குப் பதினைந்து லித்தியம் வரை ஏறும். கிராமுக்கு 3,579 மில்லிஆம்பியர்-மணி. (சில இடங்களில் 4,200 என்று போட்டிருப்பார்கள். அது உயர் வெப்பநிலையில் மட்டும் கிடைக்கும் கலவைக்கான எண், நம் பேட்டரிகளுக்குப் பொருந்தாது.) பத்து மடங்கு என்ற பேச்சு இங்கிருந்துதான் வருகிறது.

இவ்வளவு லித்தியம் உள்ளே போனால் சிலிக்கான் எங்கே போகும்? வீங்கும். முழுதாக ஏற்றினால் அதன் கனஅளவு கிட்டத்தட்ட நான்கு மடங்காகிறது. எடையில் கிடைத்த பத்து மடங்கு ஆதாயத்தில் பெரும்பகுதி இங்கேயே கரைந்துவிடுகிறது. வீங்கிய நிலையில் கணக்கிட்டால் சிலிக்கானின் ஒரு கன சென்டிமீட்டரில் சுமார் 2,200 மில்லிஆம்பியர்-மணி அடங்கும், கிராஃபைட்டில் 760 அளவு. மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவு. இதுவும் பெரிய ஆதாயம்தான். ஆனால் ஃபோனுக்குள் எடையைவிட இடம்தான் முக்கியம் என்பதால், மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த எண்ணைத்தான்.

சரி, வீங்கினால் என்ன கெட்டுப்போகிறது? முதலாவது, துகள் வெடிக்கிறது. வெளிப்பக்கம் லித்தியம் ஏறி வீங்கும்போது உள்பக்கம் இன்னும் கெட்டியான சிலிக்கானாக இருக்கும். இந்த இழுபறியில் விரிசல் விழுகிறது. இரண்டாவது, மின்தொடர்பு அறுந்துபோகிறது. ஆனோடு என்பது செம்புத் தகட்டின்மேல் பசை சேர்த்துப் பூசிய தூள். துகள்கள் ஒவ்வொரு முறையும் ஊதிச் சுருங்கினால் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த இடங்கள் விட்டுப்போகும். தொடர்பு இழந்த துகளில் லித்தியம் இருந்தாலும் அது வெளியே வர வழியில்லை. இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரியும் சேதம். நுண்ணோக்கியில் பார்த்தால் வறண்ட ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதுபோல இருக்கும்.

மூன்றாவது சேதத்துக்கு முன்னால் இவை இரண்டும் சிறியவை.

பேட்டரியின் இரண்டு பக்கத்துக்கும் நடுவே லித்தியம் அயனிகளைக் கடத்தும் திரவமான மின்பகுளி, ஆனோடின் மின்னழுத்தத்தில் நிலையாக இருக்காது. எலக்ட்ரான் கிடைத்தால் சிதைந்துவிடும். முதல் முறை சார்ஜ் ஏற்றும்போதே அது ஆனோடின் மேல் சிதைந்து, சில பத்து நானோமீட்டர் தடிமனில் ஒரு படலமாகப் படிகிறது. இந்தப் படலம் லித்தியம் அயனியை விடும், எலக்ட்ரானை விடாது. எனவே படலம் உருவானதும் சிதைவு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. லித்தியம் அயனி பேட்டரி இத்தனை ஆண்டு உழைப்பதற்கு இந்தத் தோல்தான் காரணம். அதை உருவாக்கக் கொஞ்சம் லித்தியம் செலவாகும். கிராஃபைட்டில் அது ஒருமுறைச் செலவு.

சிலிக்கானில் அந்தத் தோல் ஒவ்வொரு முறையும் கிழிகிறது. கீழே இருக்கும் துகள் நான்கு மடங்கு வீங்கும்போது மேலே இருக்கும் மெல்லிய, நொறுங்கும் படலம் எப்படித் தாங்கும்? கிழிந்த இடத்தில் புதுச் சிலிக்கான் வெளியே தெரியும், மின்பகுளி அங்கே மறுபடி சிதையும், மறுபடி படலம் வளரும், மறுபடி லித்தியம் செலவாகும். துகளில் விரிசல் விழுந்தால் இன்னும் மோசம், விரிசலின் இரண்டு பக்கமும் புது மேற்பரப்பு. பேட்டரிக்குள் இருக்கும் லித்தியம் எல்லாம் கேத்தோடிலிருந்து வந்தது, அளவானது. வெளியிலிருந்து வந்து சேரப்போவதில்லை. படலத்துக்குப் போன லித்தியம் போனதுதான். மின்பகுளியும் வற்றிக்கொண்டே வருகிறது.

இதை அளக்க ஒரு எண் இருக்கிறது, கூலும் திறன். உள்ளே ஏற்றிய மின்னூட்டத்தில் எவ்வளவு திரும்பி வந்தது என்ற சதவீதம். 99.9 என்று பார்த்தால் பிரமாதமாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) 0.1 சதவீதம் லித்தியம் போனால், ஆயிரம் சுற்றுக்குப் பிறகு மிஞ்சுவது 37 சதவீதம்தான். 99.99 என்றால் 90 சதவீதம் மிஞ்சும். ஆயிரம் சுற்று ஓடி 80 சதவீதம் மிச்சம் வேண்டுமானால் 99.98 அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சிலிக்கான் ஆராய்ச்சி முழுவதும் இந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கங்களுக்கான போராட்டம் என்றே நான் நினைக்கிறேன். கொள்ளளவு என்றைக்குமே பிரச்சினையாக இருந்ததில்லை.

இப்போது தீர்வுகளைப் பார்ப்போம். பெரிய திருப்பம் 2008-ல் வந்தது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் யீ சூயி குழுவினர் துருப்பிடிக்காத எஃகுத் தகட்டின்மேல் சிலிக்கானை மெல்லிய நானோ கம்பிகளாக வளர்த்தார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் பக்கத்தில் வீங்க இடம் இருக்கிறது, அடியில் தகட்டோடு ஒட்டியிருப்பதால் மின்தொடர்பும் அறுவதில்லை. வெடிக்காமல் வீங்கிச் சுருங்கின. அதே ஆண்டில் சூயி ஆம்ப்ரியஸ் என்ற நிறுவனத்தையும் தொடங்கினார். 2012-ல், எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்துத் தனித்தனி சிலிக்கான் துகள்களில் லித்தியம் ஏறுவதைப் பார்த்தவர்கள், விட்டம் சுமார் 150 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் துகள் வெடிப்பதில்லை என்று காட்டினார்கள். சின்னத் துகளில் விரிசலை வளர்க்கப் போதுமான ஆற்றல் சேர்வதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் நானோவாகப் பொடி செய்தால் முடிந்ததா? இல்லை. பத்து மைக்ரோமீட்டர் துகளை நூறு நானோமீட்டராகப் பொடித்தால், அதே ஒரு கிராமின் மேற்பரப்பு நூறு மடங்காகிறது. படலம் படிவது மேற்பரப்பில்தானே? வெடிப்பைத் தடுக்கப்போய், லித்தியத்தைத் தின்னும் பரப்பை நூறு மடங்கு கூட்டிவிட்டோம். போதாக்குறைக்கு நானோ தூள் நெருக்கமாக அடங்காது, செய்யவும் விலை அதிகம்.

இந்த முரணை உணர்ந்தபிறகு வந்த வடிவங்கள்தான் எனக்குப் பிடித்தவை. நோக்கம் இதுதான்: சிலிக்கான் உள்ளே எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும், மின்பகுளி தொடும் வெளிப்பரப்பு மட்டும் அசையக் கூடாது. 2012-ல் முட்டைக் கருபோல நடுவில் சிலிக்கான், சுற்றிலும் வெற்றிடம், வெளியே கார்பன் ஓடு என்று செய்தார்கள். கரு வீங்கினால் வெற்றிடம் நிரம்பும், ஓடு அப்படியே இருக்கும். 2014-ல் அதே சூயி குழு இப்படிப்பட்ட பல கருக்களை ஒன்றாகச் சேர்த்து இன்னொரு கார்பன் தோலால் மூடியது. மாதுளம்பழம்போல. மின்பகுளி தொடுவது பழத்தின் தோலை மட்டும். ஆயிரம் சுற்றுக்குப் பிறகும் 97 சதவீதக் கொள்ளளவு மிஞ்சியதாக அவர்கள் எழுதினார்கள். கொள்கை அளவில் இதைவிடத் தெளிவான விடை கிடையாது. ஆனால் அந்த மாதுளையை டன் கணக்கில் செய்ய வேண்டுமே. சிலிக்கானைச் சிலிக்காவால் பூசி, கார்பனால் மூடி, பிறகு அமிலத்தால் சிலிக்காவைக் கரைத்து வெற்றிடம் உண்டாக்குவது, கிலோவுக்கு மிகக் குறைந்த விலையில் விற்கும் கிராஃபைட்டோடு போட்டி போடும் வேலை இல்லை.

தொழிற்சாலைகள் வேறு வழியில் போயின. முதலில் வந்தது சிலிக்கான் ஆக்சைடு. ஒரு சிலிக்கானுக்கு ஏறத்தாழ ஒரு ஆக்சிஜன் இருக்கும் பொருள் அது. சில நானோமீட்டர் அளவுள்ள சிலிக்கான் துளிகள் ஆக்சைடுக்குள் புதைந்திருக்கும். முதல் சார்ஜில் அந்த ஆக்சைடு லித்தியம் சிலிக்கேட்டாகவும் லித்தியம் ஆக்சைடாகவும் மாறி, சிலிக்கானைச் சுற்றி ஒரு மெத்தைபோல நின்றுவிடுகிறது. வீக்கம் குறைவு, ஆயுள் அதிகம், கிராஃபைட்டோடு சுலபமாகக் கலக்கலாம். ஆனால் அந்த மெத்தைக்கான லித்தியம் திரும்பி வராது. முதல் சுற்றிலேயே கால் பங்கு மின்னூட்டம் போய்விடும். அதை ஈடுகட்ட, பேட்டரிக்குள் வைப்பதற்கு முன்பே பொருளில் லித்தியமோ மக்னீசியமோ ஏற்றிவிடுகிறார்கள். இப்படி முன்கூட்டியே ஏற்றும் வேலை ஒரு தனித் தொழில்நுட்பமாகவே வளர்ந்துவிட்டது.

அடுத்தது, இப்போது எல்லாரும் பேசும் சிலிக்கான்-கார்பன். பெயரைப் பார்த்து இரண்டையும் கலக்கிய தூள் என்று நினைக்க வேண்டாம். கடற்பஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்த கார்பன் துகளை முதலில் செய்கிறார்கள். அதைச் சூடாக்கி, சிலிக்கானும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிலேன் வாயுவைச் செலுத்தினால், வாயு துளைகளுக்குள் போய்ச் சிதைந்து சிலிக்கானாகப் படியும். துளை சில நானோமீட்டர் அகலம் என்பதால் சிலிக்கானும் அதே அளவுக்குமேல் வளர முடியாது. துளையை முழுதாக அடைக்காமல் கொஞ்சம் இடம் விட்டு நிறுத்துவதுதான் சூட்சுமம். மாதுளையில் படிப்படியாகச் செய்த அத்தனை வேலையையும் இங்கே ஒரே உலையில் முடித்துவிடுகிறார்கள். நானோ சிலிக்கான் உள்ளே, வீங்க இடம், அசையாத வெளித்துகள், அதுவும் பல மைக்ரோமீட்டர் அளவில். அமெரிக்காவில் குரூப்14 நிறுவனம் இந்த வழியில் போகிறது. சிலேன்தான் இதில் ஆபத்தான பகுதி. காற்றுப் பட்டாலே தானாகத் தீப்பிடிக்கும் வாயு அது, அதைத் தொழிற்சாலை அளவில் கையாளும் செலவு பொருளின் விலையில் சேர்ந்துவிடும்.

2023-ல் ஹானர் நிறுவனம் மேஜிக்5 ப்ரோ ஃபோனின் சீனப் பதிப்பில் சிலிக்கான்-கார்பன் பேட்டரியைப் போட்டது. கொள்ளளவு 5,450 மில்லிஆம்பியர்-மணி. கிராஃபைட் பேட்டரியுடன் மற்ற நாடுகளில் விற்ற அதே ஃபோனில் 5,100. ஏழு சதவீதம் கூடுதல். பத்து மடங்கு என்று படித்தவர்களுக்கு ஏழு சதவீதம் ஏமாற்றமாக இருக்கும். உண்மையில் அது நல்ல தொடக்கம். ஏன் என்று பார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும்.

பேட்டரியில் ஆனோடு மட்டும் இல்லை, அதே அளவு லித்தியத்தைக் கொடுக்கும் கேத்தோடும் இருக்கிறது. கேத்தோடு கிராமுக்கு 200 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பொருளின் எடையையும் சேர்த்துப் பார்த்தால், கிராஃபைட்டோடு ஜோடி சேரும்போது கிராமுக்கு 130 கிடைக்கும். ஆனோடின் கொள்ளளவை 1,000-க்கு உயர்த்தினால் 167. சிலிக்கானின் முழு 3,579-க்கும் போனால் 189. முதல் பாய்ச்சலில் 28 சதவீதம் கூடுகிறது. அடுத்து மூன்றரை மடங்கு உயர்த்தியும் வெறும் 14 சதவீதம்தான் கூடுகிறது. செம்புத் தகடு, மின்பகுளி, உறை எல்லாவற்றின் எடையும் சேர்ந்தால் ஆதாயம் இன்னும் குறையும். போதாததற்கு, சிலிக்கான் லித்தியத்தை வெளிவிடும் மின்னழுத்தம் கிராஃபைட்டைவிடக் கொஞ்சம் உயர்வு என்பதால், பேட்டரியின் மொத்த வோல்ட் 0.2 முதல் 0.3 வரை இறங்கும். அதனால் சுத்தமான சிலிக்கானை அடைந்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் பொறியியல் கணக்கில் நிற்காது. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்ற அளவில், மேற்பரப்பு அசையாத ஒரு பொருள் கிடைத்தால், பெறக்கூடிய ஆதாயத்தில் பெரும்பகுதி கையில் வந்துவிடும்.

துகளுக்கு வெளியே நடந்த முன்னேற்றங்களையும் சொல்ல வேண்டும், இவற்றுக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. நெடுங்காலமாகப் பசையாகப் பயன்பட்ட ஃபுளோரின் பாலிமர் சிலிக்கானோடு பலமாக ஒட்டுவதில்லை. கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், பாலி அக்ரிலிக் அமிலம் போன்றவை சிலிக்கானின் மேலிருக்கும் ஆக்சைடோடு வேதியியலாகவே பிணைந்துகொள்கின்றன. 2011-ல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் க்ளெப் யூஷின் குழு, பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் நல்ல பசையாக இருப்பதைக் காட்டியது. யூஷின் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய சிலா நிறுவனத்தின் சிலிக்கான் பொருள்தான் 2021-ல் வூப் என்ற உடற்பயிற்சிப் பட்டையில் விற்பனைக்கு வந்தது. 2017-ல் தென்கொரிய ஆய்வாளர்கள் பாலிமர் சங்கிலியில் வளையங்கள் கோத்த ஒரு பசையைச் செய்தார்கள். சிலிக்கான் வீங்கி இழுக்கும்போது வளையங்கள் கிணற்றுக் கப்பிபோல வழுக்கிக் கொடுக்கும், சுருங்கும்போது திரும்பிவிடும். அறுந்த துகள்களைக்கூட அது பிடித்து வைத்திருந்தது.

மின்பகுளியில் ஃபுளோரோஎத்திலின் கார்பனேட் என்ற சேர்க்கைப் பொருளைச் சில சதவீதம் விடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அது முதலில் சிதைந்து, லித்தியம் ஃபுளோரைடு கலந்த, கொஞ்சம் வளைந்து கொடுக்கும் படலத்தைக் கொடுக்கும். ஆனால் படலம் கிழியும்போதெல்லாம் இதுவும் செலவாகிறது. தீர்ந்துபோன அன்றிலிருந்து பேட்டரி வேகமாகச் சரியும்.

திரவமே வேண்டாம் என்று 2021-ல் ஷெர்லி மெங் குழு, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில், ஒரு வழியைக் காட்டியது. சல்ஃபைடு திட மின்பகுளியோடு 99.9 சதவீதம் சிலிக்கான் கொண்ட ஆனோடு. அதுவும் நானோ கிடையாது, சாதாரண மைக்ரோமீட்டர் தூள். ஐந்நூறு சுற்றுக்குப் பிறகு 80 சதவீதம் மிஞ்சியது. திரவம் விரிசலுக்குள் புகும், திடப்பொருள் புகாது. ஆனோடும் மின்பகுளியும் தொடுவது ஒரே ஒரு தட்டையான பரப்பில் என்பதால் துகள் உள்ளே என்ன ஆனாலும் புதுப் படலம் வளர்வதில்லை. மேற்பரப்பை அசையாமல் வைத்தால் போதும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. இதற்கு வெளியிலிருந்து பலத்த அழுத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது ஒரு பெரிய தடை.

சிலிக்கான் கலந்த பேட்டரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு உதவக்கூடிய ஒரு தகவல். கிராஃபைட்டும் சிலிக்கானும் கலந்த ஆனோடில் மின்சாரம் எடுக்கும்போது முதலில் காலியாவது கிராஃபைட். சிலிக்கான் பெரும்பாலும் கடைசியில்தான் லித்தியத்தை விடும். ஆகவே சார்ஜ் அடிமட்டத்துக்கு இறங்கும் நேரத்தில்தான் சிலிக்கான் அதிகமாகச் சுருங்குகிறது. அடிக்கடி பூஜ்யம் வரை இறக்குவது, இந்தப் பேட்டரிகளில் சிலிக்கான் பங்கைத்தான் முதலில் தேய்க்கும்.

ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைத் தேடிப் பார்க்கச் சொல்வேன். சோதனை எதில் நடந்தது என்பது ஒன்று. ஆய்வகத்தில் பல நேரம் ஆனோடை லித்தியம் உலோகத் தகட்டுக்கு எதிரே வைத்துச் சோதிப்பார்கள். அந்தத் தகட்டில் லித்தியம் ஏராளமாக இருப்பதால் படலத்தில் எவ்வளவு வீணானாலும் வரைபடம் ஏறத்தாழ நேர்க்கோடாகவே தெரியும். உண்மையான கேத்தோடோடு சேர்த்தால் அதே பொருள் நூறு சுற்றில் படுத்துவிடலாம். தகட்டின்மேல் பூசிய பூச்சின் தடிமனும் அப்படித்தான், மெல்லிய பூச்சில் எல்லாப் பொருளும் நன்றாகவே நடக்கும்.

இன்னொன்று, சும்மா இருக்கும் காலம். சிலிக்கான் ஆனோடு, சுற்றே ஓட்டாமல் சார்ஜ் ஏற்றி அலமாரியில் வைத்தாலும் தேய்கிறது. அதன் மேல் படியும் படலம் கிராஃபைட்டின் படலம்போல முழுதாக அடைத்துக்கொள்வதில்லை. வினை மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். லித்தியம் உப்பிலிருந்து ஈரப்பதத்தால் உண்டாகும் ஹைட்ரஜன் ஃபுளோரைடும் சிலிக்கான் ஆக்சைடை அரிக்கும். ஒரு ஃபோன் மூன்று நான்கு ஆண்டு உழைத்தால் போதும். காரிலிருக்கும் பேட்டரி பத்து ஆண்டுக்கு மேல் நிற்க வேண்டும், அதில் பெரும்பாலான நேரம் அது சும்மாதான் நின்றுகொண்டிருக்கும். ஆயிரம் சுற்றுகளைச் சில மாதங்களில் ஓட்டி முடித்துவிடலாம். பத்து ஆண்டு சும்மா நிற்பதைச் சோதிக்க அப்படி ஒரு குறுக்கு வழி இல்லை. வெப்பநிலையை உயர்த்தி அவசரப்படுத்தலாம்தான், ஆனால் சிலிக்கானில் வெப்பம் வேறு வினைகளையும் கிளப்பிவிடும் என்பதால் அந்த முடிவை அப்படியே நம்ப முடியாது. அமெரிக்க எரிசக்தித் துறை சிலிக்கானுக்கென்றே தேசிய ஆய்வகங்களை ஒன்றுசேர்த்தபோது, இந்தச் சும்மா இருக்கும் ஆயுளைத்தான் மையக் கேள்வியாக எடுத்துக்கொண்டது.